ஊருக்கெல்லாம் பேசுகிறவள்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. என் நம்பரைப் பார்த்தால் நீ போனை எடுப்பதில்லை. எடுக்காத போனைத் திரும்பத் திரும்ப அடிப்பது தொல்லை. கடிதம் அப்படி இல்லை. பிரித்துப் படிக்கலாம். பிரிக்காமல் தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளோடு போட்டும் வைக்கலாம். அது பாட்டுக்குக் கிடக்கும்.

அப்பாவின் இடது கை எப்படி இருக்கிறது? டம்ளரைப் பிடிக்க வருகிறதா? பக்கவாதம் வந்த கால் அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார், கை தேறும் என்றாரே. வெல்டிங் கடை அண்ணனிடம் போன வாரம் பேசினேன். "உங்கப்பா நல்லா இருக்காரும்மா, என்னைக் கேரம்ல தோக்கடிக்கிறாரு" என்றார். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அக்காதானே? மெஷின் சத்தம் கேக்குது" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நீ சொல்லி வைத்திருப்பாய்.

மார்ச் மாதம் வெள்ளம் வந்த அன்று நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று உனக்கு இதுவரை நான் சொல்லவே இல்லை. சொல்ல விட்டால்தானே. இப்போது சொல்கிறேன்.

எங்கள் உதவி மையத்தின் அறையைப் பார்த்திருந்தால் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். தண்ணீர்த் தொட்டி அலுவலகத்தின் மாடி. ஒரு நீளமான மேசை, எட்டு போன்கள், எட்டு நாற்காலிகள், அதில் இரண்டுக்குக் கைப்பிடி இல்லை. வாசலில் ஸ்டூல் மேல் ஒரு காலி பிஸ்கட் டின். வேலைக்கு உள்ளே வருகிறவர்கள் சொந்த போனை அணைத்து அதில் போட்டுவிட வேண்டும். முன்பு ஒருவர் பேசிக்கொண்டிருந்த நடுவில் வீட்டிலிருந்து போன் வந்து, அந்தப் பக்கம் இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டாராம். அதற்குப் பிறகு மையத்துக்குப் பொறுப்பான மேடம் வைத்த டின் அது. "உள்ள வந்துட்டா உங்க வீடும் ஊர்ல ஒரு வீடு. அவ்வளவுதான்" என்பார்.

நாங்கள் தீயணைப்பு இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. அவர்களைக் கூப்பிடுகிற அளவுக்கு ஆபத்து இல்லாத, ஆனால் என்ன செய்வது என்று தெரியாத எல்லோரும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது, எந்தப் பாலம் திறந்திருக்கிறது, இன்சுலின் எங்கே கிடைக்கும், நாயைக் கூட்டி வந்தால் உள்ளே விடுவார்களா. ஒவ்வொரு தகவலையும் யாராவது ஒருவர் அங்கே போன் போட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். 'கேள்விப்பட்டேன்' என்ற சொல் எங்கள் அறையில் கெட்ட வார்த்தை.

அன்று காலை போய் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். வயதான ஆண் குரல் இருமினால் அப்பாவோ என்று இருக்கும். "உங்ககூட யார் இருக்காங்க? நடக்க முடியுமா?" என்று அவரிடம் கேட்பேன். டின்னைத் திறந்தபோது என் போன் முழுக்க உன் பெயர். உடனே அடித்தேன். நீ எடுக்கவில்லை. அன்றிலிருந்து எடுக்கவில்லை.

கோபம் நியாயம்தான். நான் அதைப் பற்றி வாதாடவில்லை. ஆனால் ஆகஸ்டில் மறுபடி மழை வரும். வாய்க்காலை இன்னும் தூர்வாரவில்லை என்று எனக்குத் தெரியும், தினமும் அதைப் பற்றி யாராவது ஒருவர் கூப்பிட்டுத் திட்டுகிறார். நம் வீடுதான் தெருவிலேயே தாழ்வு. அதற்கு முன்னால் நீ என்னோடு பேச வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது வேண்டாம். நீ ஒரு வரி எழுதினால் கேட்கிறேன்.

உன் தங்கச்சி


ஜூன் 12

வாயில்லாப் பூச்சிக்கு,

லெட்டர் வந்துச்சு. தபால்காரர் கையெழுத்து வாங்கணுமோன்னு யோசிச்சார். "என்னம்மா, கோர்ட் நோட்டீஸா?"ன்னு கேட்டார். இந்தத் தெருவுக்கு லெட்டர் வந்து அவ்வளவு நாளாச்சு. "ஆமா, பிராது குடுத்தவளே எழுதியிருக்கா"ன்னேன்.

இழுப்பறையிலதான் போட்டேன். அப்பா விடல. "யாரு, சின்னதா? படி, படி"ன்னு உசுர எடுத்துட்டார். படிச்சேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிஸ்கட் டின் வர்ற இடத்துல சிரிச்சார். வாய் ஒரு பக்கம்தான் போகுது, ஆனா சிரிப்புதான் அது.

நீ பேசணும்னு சொல்ற. பேசறேன், கேட்டுக்க. அன்னிக்கு விரல் தேயத் தேய உனக்கு அடிச்சேன். 'தாங்கள் தொடர்பு கொண்ட எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.' அந்தப் பொம்பளை குரல்கூட எனக்கு மனப்பாடம். ஊருக்கெல்லாம் பேசுற, எங்களுக்கு மட்டும் வாய் இல்ல. வெல்டிங் அண்ணன் சொன்னாரு, "அவ ஆபீஸ் நம்பருக்கு அடி, அவளே எடுத்தாலும் எடுப்பா"ன்னு. அடிச்சேன். 'மையத்தில் உள்ளவரிடம் பேச இரண்டை அழுத்தவும்'னுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போனை வச்சுட்டேன். கூடப் பொறந்தவகிட்டப் பேச நான் ரெண்டை அழுத்தணுமா?

அப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்டல. இது உனக்கு மட்டும்.

அன்னிக்கு இங்க என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். மதியம் தண்ணி வாசப்படி ஏறுச்சு. வெல்டிங் அண்ணனும் அவர் மச்சானும் எங்கிருந்தோ ஒரு படகு கொண்டுவந்தாங்க. அப்பாவை நாற்காலியோட தூக்கி வச்சாங்க. மனுஷன் ராஜா மாதிரி உக்காந்துட்டு, வழியில பார்த்தவங்களுக்கெல்லாம் கையாட்டினாராம். மேட்டுத் தெரு பள்ளிக்கூடத்துல இடம் குடுத்தாங்க, பாய் குடுத்தாங்க, டீ குடுத்தாங்க. அவ்வளவுதான் கதை.

மெஷின் ரெண்டும் தப்பிச்சுடுச்சு. மோட்டாரை மட்டும் காய வைக்க வேண்டியதாப் போச்சு. தண்ணி ஜன்னல் கட்டையைத் தொட்டதும் பெரிய மெஷினோட மர மூடி இருக்குல்ல, அது மெதந்து ஹாலை ஒரு சுத்து வந்துச்சு பாரு, பந்தியில எடம் கெடைக்காத மாமா மாதிரி. நின்னு நின்னு, ஒவ்வொரு மூலையா எட்டிப் பார்த்துட்டுப் போச்சு. தைக்க வந்த யூனிபார்ம் ஒண்ணுகூட நனையல. எல்லாம் பரண்ல.

கேட்கணும்னியே, என்ன அது? சுத்தி வளைக்காம கேளு. பரீட்சை பீஸ் கேக்குறதுக்கே மூணு நாள் என் பின்னாடி சுத்துனவ நீ.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். நீ திட்டியது எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னால் இன்னும் திட்டுவாய்.

இரண்டை அழுத்தாமல் வைத்துவிட்டாய் என்பதை ரேடியோ அண்ணனிடம் சொன்னேன். எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. வானொலியில் செய்தி வாசிக்கிறவர் போலக் குரல், அதனால் அந்தப் பெயர். ஆள் ஒல்லியாக, தூரத்திலிருந்து பார்த்தால் குடை மாதிரி இருப்பார். "உங்கக்கா சொல்றது சரிதான்மா. ரெண்டை எடுத்துட்டு 'தங்கச்சியிடம் பேச'ன்னு ஒரு எண் வைக்கச் சொல்லலாம்" என்றார்.

வெள்ளம் வடிந்தால் எங்கள் வேலை குறையும் என்று நான் நினைத்திருந்தேன். கூடியிருக்கிறது. சேறு அள்ள ஆள் கிடைக்குமா, நனைந்த சான்றிதழுக்கு எங்கே எழுதிப் போடுவது, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா. ஒருவர் தன் மீன்தொட்டியில் இருந்த மீன்களை முகாமில் ஒரு வாளியில் வைத்திருந்தாராம், திரும்பி வரும்போது வாளி மாறிவிட்டது, கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அது என்ன மீன் என்று கேட்டேன். "கருப்பா, கொஞ்சம் கோபக்காரன்" என்றார். முகாமுக்கு போன் போட்டோம். உண்மையிலேயே கிடைத்தது. காலையில் முதல் ஆளாக ஒரு அம்மா கூப்பிடுவார். இன்று மழை வருமா என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால், "அப்ப வேலைக்குப் போறேன்" என்று வைத்துவிடுவார். பயம் போக இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

வேலையில் சேர்ந்தபோது எனக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். யாரிடம் எதை முதலில் கேட்பது, எதைச் சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. 'பயப்படாதீர்கள்' என்று சொல்லக் கூடாது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரியுமே, கல்லூரியில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டில் யாரும் போகாத இடம், யாரைப் பார்த்து எப்படிப் பேசுவது என்று காட்ட ஆள் இல்லை. இந்த அட்டை இருந்தால் நான் வேறு ஆள். கையில் அட்டை இல்லாதபோதுதான் பழையபடி ஆகிவிடுகிறேன்.

நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். தனியாக வீட்டைவிட்டு வெளியேற முடியாதவர்களுக்காக ஒரு பதிவு இருக்கிறது. வெள்ள எச்சரிக்கை வந்தால், தண்ணீர் வருவதற்கு முன்பே வண்டி வீட்டு வாசலுக்கு வரும், தூக்கி ஏற்ற ஆட்களோடு. அப்பாவை அதில் சேர்க்க வேண்டும். நானே சேர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மேடம் ஒப்பவில்லை. சொந்தக்காரர் பதிவை மையத்தில் இருப்பவர்கள் தொடக்கூடாது, வீட்டில் உடன் இருப்பவரே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கதவின் அகலம் எவ்வளவு, எந்தப் பக்கம் தாங்க வேண்டும், மருந்து எங்கே இருக்கிறது, இதெல்லாம் கேட்பார்கள். கடைசியாக ஒரு கேள்வி இருக்கும். 'வண்டி வந்தால் வரமாட்டேன் என்று சொல்லக்கூடியவர் வீட்டில் யாராவது உண்டா?' நிறையப் பேர் அங்கேதான் பேச்சை மாற்றுவார்கள்.

ஒரு தடவை கூப்பிடு அக்கா. உதவி கேட்டு நிற்கிற ஆள் நீ இல்லை என்று எனக்குத் தெரியும். இது உனக்கு இல்லை, அப்பாவுக்கு.

மெஷின் மூடி ஹாலைச் சுற்றி வந்ததைப் படித்துச் சிரித்தேன். பிறகு இன்னொரு தடவை படித்தேன். சரி, அதை விடு.

உன் தங்கச்சி


ஜூலை 9

பூச்சிக்கு,

அழுத்திட்டேன்டி, ரெண்டை. போதுமா?

எடுத்தது உன் குடை அண்ணன்தான். குரலைக் கேட்டதும் நானே ஒரு நிமிஷம் நிமிர்ந்து உக்காந்துட்டேன். "வணக்கம். முதல்ல சொல்லுங்க, நீங்க இப்ப பத்திரமா இருக்கீங்களா?"ன்னார். "இல்லேன்னா எப்படிங்க ரெண்டை அழுத்துவேன்?"ன்னு கேட்டேன். மனுஷன் சிரிக்கல. நீங்க சிரிக்கக் கூடாதுன்னும் அட்டையில போட்டிருக்கா?

அப்புறம் கேள்வி மேல கேள்வி. கதவு அகலம் கேட்டார். இஞ்ச் டேப் கழுத்துலதான தொங்குது, உடனே சொன்னேன். "இவ்வளவு வேகமா யாரும் சொன்னதில்லைம்மா"ன்னார். எடது பக்கம் தாங்கணும்னேன். ராத்திரி மாத்திரை எது, பகல் மாத்திரை எதுன்னு சொன்னேன். "அவருக்கு முகாம்ல வேற என்ன தேவைப்படும்?"னு கேட்டார். கேரம் போர்டுன்னேன். அதையும் எழுதிக்கிட்டார் போல, கீ தட்டுற சத்தம் கேட்டுச்சு. கடைசியில நீ சொன்ன கேள்வி. வரமாட்டேன்னு சொல்ற ஆள் யாராவது உண்டான்னு. "இங்க எல்லாரும் தங்கமான ஆளுங்கண்ணா, கூப்பிட்டா வந்துருவாங்க"ன்னேன். பேசிட்டு வைக்கும்போது, "உங்க தங்கச்சி நல்லா வேலை செய்றாங்க"ன்னார். நான் யாருன்னே சொல்லல! எப்படிடி கண்டுபிடிச்சார்? உன்னை மாதிரியே நானும் பேசறதுக்கு முன்னாடி தொண்டையைக் கனைக்கிறேனாம்.

கீழ அப்பா சொல்லச் சொல்ல எழுதுறேன். அவர் சொன்ன மாதிரியே.

'சின்னம்மா, நல்லா இருக்கியா. கை தேவலை. டம்ளர் பிடிக்கிறேன், தண்ணி பாதி சட்டையில. தெருவுல எல்லாருக்கும் உன் ஆபீஸ் நம்பரை மனப்பாடம் பண்ண வச்சுட்டேன். வெல்டிங் கடைக்காரன் கடை ஷட்டர்லயே எழுதிட்டான். போன தடவை பள்ளிக்கூடத்துல நல்லா கவனிச்சாங்க. ஒரே குறை, ஆம்பளைங்களுக்குத் தனி ஹாலாப் போச்சு, அக்காவைக் கண்ணுல பார்க்கவே முடியல. அடுத்த தடவை ஒரே ஹாலாக் குடுக்கச் சொல்லு. நீ சொன்னாக் கேப்பாங்க.'

கேட்டியா? நீ ஏதோ கலெக்டர்னு நெனச்சுட்டு இருக்கார்.

உனக்கு ஒரு சட்டை தைக்கலாம்னு துணி எடுத்து வச்சிருக்கேன். நீல நிறம். அளவு அதேதானா, இல்ல அங்க நாள் முழுக்க உக்காந்து பெருத்துட்டியா? எழுது. போன்ல சொல்லாத. போன் எடுக்கிறதில்லேன்னு வருத்தப்படாத. கோபம் எப்பவோ போச்சு. உன் குரலைக் கேட்டா அழுதுருவேன், அதான். லெட்டர்னா கைல ஊசி இருக்கிற மாதிரி, கொஞ்சம் தெம்பா இருக்கு.

அக்கா


ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

தபால் அட்டையில் எழுதுவதால் கொஞ்சம்தான். நான் பெருத்துவிடவில்லை. தோள் மட்டும் அரை இஞ்ச் கூட்டு, ஹெட்போன் மாட்டி மாட்டிக் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். அப்பாவின் கடிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

வருகிற வாரம் பெரிய மழை என்கிறார்கள். இது கேள்விப்பட்டது இல்லை, வானிலை அலுவலகம் எங்களுக்கு அனுப்பியது. நான் உள்ளே இருப்பேன், போன் டின்னில் இருக்கும். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஏதாவது என்றால் இரண்டை அழுத்து. வண்டி வந்தால் தாமதிக்காதீர்கள்.

உன் தங்கச்சி


ஆகஸ்ட் 17

பூச்சிக்கு,

உங்க மழை வந்துட்டுப் போயிடுச்சு. சும்மா சொல்லக் கூடாது, வண்டி டாண்ணு வந்து நின்னுச்சு. வானத்துல அப்பதான் மேகமே கூடுது. ரெண்டு பசங்க எறங்கி, எடது பக்கம் யாரு, வலது பக்கம் யாருன்னு அவங்களே பேசிக்கிட்டு, அப்பாவைப் பூ மாதிரி தூக்கினாங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கல. கேரம் போர்டை அவங்களே கேட்டு வாங்கினாங்க! அப்பாவுக்குத் தலைகால் புரியல. "பார்த்தியா, எல்லாம் சின்னது ஏற்பாடு"ன்னு தெருவே கேக்குற மாதிரி சொல்லிட்டுப் போனார்.

ஆனா தண்ணி எங்கடி? வாய்க்கால் ரொம்புச்சு, கரை வரைக்கும் வந்துச்சு, எட்டிப் பார்த்துச்சு, திரும்பிப் போயிடுச்சு. வாசப்படிகூட நனையல. தெருவுல பாதிப் பேர் மூட்டை முடிச்சோட போய் மூணாம் நாள் திரும்பி வந்து உங்களைத்தான் திட்டுறாங்க. எதிர் வீட்டு அம்மா, "இனிமே இவங்க கூப்பிட்டா நான் போறதா இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. நான் உனக்காகச் சண்டை போட்டேன். "வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னேன். ஆனா மனசுக்குள்ள எனக்கும் அதே நெனப்புதான், பொய் சொல்ல மாட்டேன்.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் தள்ளிப்போய் இப்பதான் தொறக்குது. யூனிபார்ம் ஆர்டர் மலை மாதிரி கெடக்கு. தெருவுல இருக்கிற அத்தனை பிள்ளைங்களோட துணியும் நம்ம வீட்லதான். ஒண்ணு கெட்டுப்போனாலும் அந்தப் பிள்ளை வகுப்புல கலர் சட்டையோட நிக்கும். நீ அப்படி நின்னது எனக்கு ஞாபகம் இருக்கு.

சட்டை தயார். தோள் அரை இஞ்ச் கூட்டிட்டேன். இந்த லெட்டரோட பார்சல்ல வருது. போட்டுட்டு எப்படி இருக்குன்னு எழுது.

அக்கா


ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை கச்சிதம். இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மேடம் காலரைத் திருப்பிப் பார்த்து, "இது கடையில வாங்கினது இல்ல" என்றார். ரேடியோ அண்ணன் தனக்கும் ஒன்று தைக்க முடியுமா என்று கேட்கச் சொன்னார். அவர் அளவுக்குத் துணி கொஞ்சம்தான் வேண்டியிருக்கும், நீளம் மட்டும் கூட.

அக்கா, நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

அன்று வண்டிகளிலிருந்து தகவல் ரேடியோ அண்ணனின் போனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. யார் ஏறினார்கள், எந்த முகாம் என்று அவர் சத்தமாகத் திருப்பிச் சொல்வார், எதிரே இருக்கிறவர் பதிவு செய்வார். "வாய்க்கால் தெரு, கடைசி வீடு. ஒருத்தரை ஏத்தியாச்சு" என்றார். பிறகு அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது. "கூட இருக்கிற அம்மா, நீங்க போங்க, பின்னாடியே வர்றேன்னுட்டாங்களாம்."

நான் அப்போது ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வீட்டைப் பூட்டினாலும் யாராவது உடைத்துவிடுவார்கள், அதனால் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரிடம், "ஐயா, உங்க வீட்ல பத்திரமா இருக்க வேண்டியதுல முதல்ல நீங்க இருக்கீங்க. உங்களை எடுத்துட்டு வந்துருங்க, மத்ததுக்கு என்ன பண்ணலாம்னு நான் பார்க்கிறேன்" என்று சொன்னேன். அவர் சரி என்றார். "நீ யாரு பெத்த பிள்ளையோ" என்றார். போனை வைத்தேன். ஹெட்போனையும் கழற்றிவிட்டேன்.

ரேடியோ அண்ணன் உன் போனுக்கு அடித்துப் பார்த்தார். மணி போனது. நீ எடுக்கவில்லை. பரணில் இருந்திருப்பாய். மேடம் வந்து என்ன என்று கேட்டார். ரேடியோ அண்ணன்தான் சொன்னார். மேடம் வாசலுக்குப் போய், டின்னைத் திறந்து, என் போனை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். இதுவரை யாருக்கும் அவர் அப்படிச் செய்ததில்லை. நான் அதை எடுக்கவில்லை, அக்கா. உன் நம்பரை அழுத்திய பிறகு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெரியவரிடம் சொன்னதெல்லாம் அட்டையில் இருப்பது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று அதில் இல்லை. அடுத்த போன் அடித்தது. அதை எடுத்தேன். வாய்க்கால் கரையில் தண்ணீர் எவ்வளவு என்று மூன்றாம் நாள்வரை அரை மணிக்கொரு தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். அதைக் கேட்பது என் வேலையும்தான், அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

மார்ச்சிலும் நீ வீட்டில்தான் இருந்தாய். மெஷின் மூடி ஒவ்வொரு மூலையாக நின்று எட்டிப் பார்த்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்திருக்க முடியும்? அந்த முகாமில் ஆண்களுக்குத் தனி ஹால் எதுவும் கிடையாது. குடும்பங்கள் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன. விசாரித்துவிட்டேன். அப்பாவுக்கு யார் அப்படிச் சொல்லி வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, வெல்டிங் கடை அண்ணனையும் திட்டாதே. நீ அன்று விரல் தேய எனக்கு அடித்தது அப்பாவைக் காப்பாற்ற இல்லை. அப்பா படகில் போய்ச் சேர்ந்துவிட்டார். நீ பரணில் தனியாக உட்கார்ந்து, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, என் குரலைக் கேட்க அடித்திருக்கிறாய். இதை நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன். நீ ஏன் அவ்வளவு கோபமாக இருந்தாய் என்பதும் இப்போதுதான் புரிகிறது.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டாமல் விட்டாலும் சரி. சட்டை கச்சிதம் என்று மட்டும் சொல்லிவிடு.

நீ ஏன் இருந்தாய் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் கலர் சட்டையோடு நின்றவள் நான். அந்தப் பிள்ளைகளின் துணியைவிட உன் உயிர் பெரிது என்று நான் எழுதினால் நீ சிரிப்பாய். எதிர் வீட்டு அம்மாவுக்கு எவரும் பதில் சொல்ல முடியாது என்பதும் தெரியும். வராத தண்ணீரைக் காட்டி யாரையும் நம்பவைக்க முடியாது.

அதனால் யோசிப்பதை விட்டுவிட்டு, என்னால் முடிந்ததைச் செய்தேன். விடுமுறை நாளில் பக்கத்து மளிகைக் கடை போனிலிருந்து எங்கள் எண்ணுக்கே கூப்பிட்டு, இரண்டை அழுத்தினேன். யாரோ புதிதாகச் சேர்ந்த பெண் எடுத்தாள். நான் பெயர் சொல்லவில்லை. ஒரு தையல்காரர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், அடுத்தவர்களுடைய துணி அவரிடம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். பாவம், அவளுக்கு அட்டையில் அப்படி ஒன்றும் இல்லை. "கொஞ்சம் இருங்க, சரிபார்த்துச் சொல்றேன்" என்றாள். சரிபார்த்தாள். மேட்டுத் தெரு பள்ளிக்கூடத்தின் மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. எச்சரிக்கை வந்ததும் தொழில் சாமான்களை அங்கே வைக்கத் தலைமையாசிரியர் சம்மதிக்கிறார், எழுதியும் கொடுத்திருக்கிறார். வண்டியில் நாலு மூட்டைக்கு இடம் உண்டு. மெஷினின் தலையை மட்டும் கழற்றி வைத்தால் அதுவும் ஏறும். மூட்டைகள் முன்கூட்டியே கட்டி, மேல் தட்டில் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. உனக்கு மட்டும் இல்லை. நம் தெருவில் இருக்கிற பிளம்பருக்கும், வெல்டிங் கடைக்கும் இனி அதுதான் பதில். அந்தப் பெண்ணின் அட்டையில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் இன்னொரு மழை இருக்கிறது என்கிறார்கள். இது வராமலும் போகலாம். அப்படி வராமல் போனால் என்னைத் திட்டு, தெருவே சேர்ந்து திட்டட்டும். கேட்டுக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான்.

இதை நேரில் கேட்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. போனிலும் வந்திருக்காது. உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எழுத நினைத்து, வேறு என்னென்னவோ எழுதி நிரப்பினேன். அடுத்த தடவை வண்டி வாசலுக்கு வந்து நிற்கும்போது, பின்னாடி வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லாதே, அக்கா. அப்பாவோடு நீயும் ஏறிவிடு.